46 என்று அடித்த சக்கரம்

குழாய் இரண்டங்குலம்.
மரை, அங்குலத்துக்குப் பதினொன்றரை.
கீழே துறையில் லோவெல் ஹைஸ்லரின் சிப்பிப் படகு
பனிக்கட்டி நடுவே பம்ப் இல்லாமல் நிற்கிறது.

கப்ளிங் மூன்று சுற்று ஏறியது,
நின்றது.
நான் நெம்பவில்லை.
நெம்பினால் இரும்பு சம்மதித்ததுபோல் நடிக்கும்,
உண்மையைக் கடலில் போய்ச் சொல்லும்.

லேத்தின் கதவில் பித்தளைத் தகடு:
எட்டு மரை லீட் ஸ்குரூ,
மேலே முப்பத்திரண்டு, கீழே நாற்பத்தாறு.
போட்டிருந்ததும் அதுதான்.
சக்கரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன்.
மற்றவை எல்லாம் வார்ப்பிரும்பு,
இது மட்டும் எஃகு.
முகத்தில் அச்சு: 46.
ஆறு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

வெர்னியர் வைத்தேன்.
விட்டம் மூன்றங்குலம், மயிரிழை பிசகவில்லை.
நாற்பத்தாறோடு இரண்டைக் கூட்டிப்
பதினாறால் வகுத்தால் மூன்று.
இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம்.
இவ்வளவு பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு பல்லில் சாக்பீஸ் புள்ளி வைத்து
நகத்தால் எண்ணினேன்.
நாற்பத்தைந்து.
மூக்கைச் சிந்திவிட்டு
எதிர்ப்பக்கமாக எண்ணினேன்.
நாற்பத்தைந்து.

எனக்கு முன் இந்தப் பட்டறையில் இருந்தவர் ஆல்டன் நிக்கிள்.
இரவு கர்லிங் அரங்கில் போய்ப் பிடித்தேன்.
கல்லை வழுக்க விட்டுவிட்டு
முழங்காலில் இருந்தபடியே சொன்னார்:
"இருபத்துமூன்று துளைத் தட்டு இல்லை, வெர்னா.
பதினெட்டுதான் இருந்தது.
பதினெட்டில் நாற்பத்தைந்து வரும்,
நாற்பத்தாறு வராது."
"பிறகு ஏன் நாற்பத்தாறு என்று அடித்தீர்கள்?"
"முதலாளி கேட்டது நாற்பத்தாறு."

துடைப்பக்காரர்கள் இருவர்
அவர் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.
அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடமும் அந்தத் தட்டு இல்லை.
ஹாலிஃபாக்ஸில் கேட்டால் மூன்று வாரம் என்கிறார்கள்.
சிப்பிப் பருவம் மூன்று வாரம் நிற்காது,
லோவெல் மூன்று நாள் நிற்கமாட்டான்.

தையல் டேப்பை எடுத்தேன்.
பதினொன்றரை அங்குலத்தில் கத்தரித்தேன்.
அதில் அரையங்குலம் இருபத்துமூன்று.
எந்த மரைக்காக இத்தனை பாடோ
அதே பதினொன்றரை
தட்டின் சுற்றளவாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து
ஆளில்லாத பட்டறையில் சத்தமாகச் சிரித்தேன்.

அலுமினியத் தட்டை மெல்ல மெல்லக் கடைந்தேன்,
டேப்பின் இரண்டு முனையும்
முட்டாமல் விலகாமல் தொடும்வரை.
ஒட்டி, கோட்டுக்குக் கோடு துளை போட்டேன்.
ஏழாவது துளை கொஞ்சம் இடது.
பதினெட்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனால் பிரிக்கும் தலைக்குள் ஒரு புழுச்சக்கரம்.
கைப்பிடி நாற்பது சுற்றினால்தான்
உள்ளே அச்சு ஒரு சுற்று.
என் பிழையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்,
போகும்போது
நாற்பதில் ஒன்றாகக் கரைந்துவிடும்.
இப்படி ஒரு ஏற்பாடு
வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை,
திருமணத்திலும் சரி, வங்கியிலும் சரி.

மூன்றாம் எண் கட்டர்.
இருபது துளை தள்ளு, பூட்டு, வெட்டு.
இருபது துளை தள்ளு, பூட்டு, வெட்டு.
வானொலியை அணைத்துவிட்டேன்,
நடுவில் யாராவது ஒரு எண் சொன்னால் தொலைந்தேன்.
நாற்பத்தாறாவது பள்ளம் முடிந்ததும்
கடைசிப் பல்லையும் முதல் பல்லையும்
விரல் நுனியால் தடவினேன்.
எது எது என்று விரலுக்குத் தெரியவில்லை.

விடிகாலை நாலேகால்.
கப்ளிங் ஏறியது, கையாலேயே,
இறுகவேண்டிய இடத்தில் இறுகியது.

பழைய சக்கரத்தை வீசவில்லை.
ஆறின்மேல் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் ஐந்து அடித்தேன்.
என் ஐந்தும் சாய்ந்துதான் விழுந்தது.